மீதி வராத எண்

மௌரீன் டீச்சரோடு தெருவில் நடந்து போவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து கிளம்பி மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் நாலு இடத்தில் நின்றுவிடுவார். பாவம், மூட்டு வலி என்று நீங்கள் பரிதாபப்பட்டால் ஏமாந்தீர்கள். நிறுத்தி வைத்திருக்கும் ஏதாவது ஓர் ஆட்டோவின் நம்பர் பிளேட்டைப் பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

"ஓஸ்வால்ட், இங்க பாரேன், ஆயிரத்து ஒண்ணு! ஏழு, பதினொண்ணு, பதிமூணு, மூணையும் பெருக்கினா இதுதான் வரும். என்ன அழகு!"

"அழகுதாம்மா. ஸ்வல்ப வேகமா நட, பஸ் போயிடும்" என்பார் கணவர் ஓஸ்வால்ட். பஸ் போயிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் தவறவிட்ட பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வைட்ஃபீல்ட் வரைக்கும் டிராஃபிக் ஜாம்தான்.

கன்டோன்மென்ட் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர் டீச்சர். மற்றவர்கள் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல் இவர் எண்களைப் பற்றிப் பேசுவார். இருபத்தெட்டு தங்கமான பிள்ளை, தன்னை விட்டுவிட்டு, தன்னை வகுக்கிற மற்றவர்களையெல்லாம் கூட்டினால் அச்சாகத் தானே வந்து நிற்கும். தொண்ணூற்றொன்று சரியான வேஷக்காரன், பார்த்தால் யாராலும் வகுபடாது போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே ஏழையும் பதிமூன்றையும் ஒளித்து வைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் வகுபடாதவை. அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீச்சருக்குக் கண்ணே கலங்கிவிடும். ராஜாக்கள் என்பார்.

இதெல்லாம் வீட்டோடு, வகுப்போடு இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் இவர்கள் கிறிஸ்தவச் சமூகத்துக் கல்யாணங்களில் 'டோஸ்ட்' என்று ஒரு வழக்கம் உண்டே! சாயங்கால ரிசப்ஷனில் கேக் வெட்டியதும் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, மணமக்களைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி, எல்லாரையும் கிளாஸைத் தூக்க வைத்து வாழ்த்த வேண்டும். பெரும்பாலும் கோட் போட்ட மாமா யாராவது செய்வார். ஒரு கல்யாணத்தில் அந்த மாமா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு வந்து சேரவில்லை. பக்கத்தில் நின்ற மௌரீனைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வயது இருபத்தெட்டு என்று இவருக்குத் தெரியும். அவ்வளவு போதாதா? பிளந்து கட்டிவிட்டார். ஹாலே எழுந்து கை தட்டியது. அதிலிருந்து மாதா கோயில் வட்டாரத்தில் கல்யாணம் என்றால் ஃபாதரிடம் தேதி கேட்டுவிட்டு அடுத்து மௌரீன் டீச்சரிடம்தான் வருவார்கள். "எங்களுக்கு என்ன நம்பர் டீச்சர்?" என்று மணப்பெண்ணே வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பாள். ஒரு தடவை உற்சாகத்தில் பேசிக்கொண்டே போய் ஐஸ்கிரீம் எல்லாம் உருகி ஓடியது, அதையும் யாரும் தப்பாக நினைக்கவில்லை.

இப்படிப்பட்டவர் சொந்த மகன் விஷயத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மகன் க்ளெனுக்கு வைட்ஃபீல்டில் வேலை. அதே ஆபீஸில் மகா. ஸ்ரீராம்புரத்துப் பெண், கலகலவென்று பேசுவாள். மதம் வேறு என்றாலும் இரண்டு வீட்டிலும் பெரிய ரகளை எதுவும் நடக்கவில்லை. மகாவின் அப்பா ஜெயராமன் மாநகராட்சியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நறுக்கென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நறுக்கென்று பேச்சு. எந்த விசேஷத்துக்குப் போனாலும் முன்வரிசையில்தான் உட்காருவார், அவரை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைக்க அந்தப் பேட்டையில் ஆள் கிடையாது. அவரே கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார் என்றதும் எல்லாருக்கும் உச்சி குளிர்ந்துபோனது.

நிச்சயதார்த்தத்தில் மௌரீன் டீச்சர் மைக்கைப் பிடித்தார். மகிழ்ச்சி தலைக்கு ஏறியிருந்தது.

"நம்ம சம்பந்தி ஜெயராமன் சாருக்கு இப்போ வயசு அறுபத்தொண்ணு. அறுபது இருக்கே, அதை ரெண்டு வகுக்கும், மூணு வகுக்கும், நாலு, அஞ்சு, ஆறு, வர்றவன் போறவன் எல்லாம் வகுத்துட்டுப் போலாம். அறுபத்தொண்ணு அப்படியில்ல. பகா எண்! யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது!"

டீச்சரின் அகராதியில் இதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. ஒருத்தரை ராஜா என்று சபை நடுவே சொல்லியாயிற்று. ஆனால் முன்வரிசையிலிருந்து ஜெயராமனின் மச்சான் சேஷகிரி தொடையைத் தட்டிக்கொண்டு, "கரெக்டா சொல்லிட்டீங்க டீச்சர்! எங்க மாமா யாரோடயும் ஒத்துப் போகாத ஆளு!" என்று கூவினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெயராமனின் முகம் சுண்டிப்போனது. சாப்பிடாமலேயே எழுந்து போனார்.

மறுநாளே டீச்சர் ஓஸ்வால்டை இழுத்துக்கொண்டு, பிளம் கேக்கும் கையுமாக ஸ்ரீராம்புரத்துக்கு ஓடினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வந்தாரா? பகா எண்ணின் பெருமையை அங்கே உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தார்.

"அப்போ யாரோடயும் சேராதவன். பிடிவாதக்காரன். அதானே?" என்றார் ஜெயராமன்.

"ஆமா… இல்ல, இல்ல சார்! பகா எண்களைப் பெருக்கித்தான் மத்த எல்லா எண்ணும் வருது. அஸ்திவாரமே அதுதான்!"

"சரி. அஸ்திவாரத்தைப் பார்த்து என் மச்சான் எதுக்குச் சிரிச்சான்?"

இதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? ஓஸ்வால்ட் மனைவியின் காலை மெதுவாக மிதித்தார். ஜெயராமன் கை கூப்பினார். "வெள்ளிக்கிழமை எங்க கோயில்ல தாலி கட்டும்போது இருப்பேன், அது அப்பனோட கடமை. சனிக்கிழமை உங்க ஹாலுக்கு நான் வரல டீச்சரம்மா. இன்னொரு தடவை மைக்ல என்னை நம்பராக்கிச் சிரிக்க வேணாம்." கேக்கை அவர் தொடவில்லை. அவர் மனைவி யசோதா மட்டும் வாசல் வரை வந்து, "அவரு அப்படித்தாங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மனசில் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? அன்று ராத்திரி மகா போன் செய்தாள். எப்போதும் கலகலவென்று பேசுகிற பெண் அன்றைக்கு மெதுவாகப் பேசினாள். "அப்பா இல்லாம நான் எப்படி ஆன்ட்டி கேக் வெட்டுவேன்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். வரப்போகிற மருமகளின் சந்தோஷத்தைத் தன் வாயே கெடுத்துவிட்டதே என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மம்மி, ப்ளீஸ். இந்த ஒரு தடவை நம்பர் வேணாம். 'நல்லா இருங்க'ன்னு சொல்லிட்டு இறங்கிடுங்க" என்றான் க்ளென். டீச்சர் சரி என்றார். அப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை, சரியாகத் தூங்கவில்லை, ஆட்டோ நம்பரைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓஸ்வால்டுக்கே பயமாகிவிட்டது. பஸ் ஸ்டாப்புக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்வது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

"தப்பு உன் வாய்மேலதான். நம்பர் என்ன பாவம் பண்ணுச்சு? ஒத்த ஆளைப் பத்திப் பேசாம எல்லாரையும் சேர்த்துப் பேசேன்" என்றார்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாரையும் சேர்த்து! அப்படி ஒரு எண் இருக்கிறதே! வருஷா வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு கடைசி நாளில் விளையாடுகிற எண். அன்றைக்கே சார்ட் பேப்பரை வாங்கி வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் ஜெயராமன் முறையெல்லாம் குறையில்லாமல் செய்தார். டீச்சரைப் பார்த்து ஒரு வணக்கம், அதோடு சரி. சனிக்கிழமை சர்ச்சில் ஆசீர்வாதம் முடிந்து சாயங்காலம் ஹால் நிறைந்தது. பெண் வீட்டார் எல்லாரும் வந்தார்கள், அவர் மட்டும் வரவில்லை. கேக் வெட்டும்போது மகா வாசலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு க்ளென் கையோடு கை சேர்த்து வெட்டினாள். சிரித்தாள்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க டீச்சருக்குப் பொறுக்கவில்லை. கேக் துண்டுகளைப் பேப்பர் தட்டுகளில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

டீச்சர் மைக்கை வாங்கினார். க்ளென் கண்ணை மூடிக்கொண்டான்.

"எல்லாரும் போனை எடுங்க. கால்குலேட்டரைத் திறங்க. இன்னைக்கு நான் பேச மாட்டேன், நீங்கதான் வகுக்கணும். மேடைக்கு ஒவ்வொருத்தரா, ஆளுக்கு ஒரு இலக்க அட்டையோட வருவாங்க. வர வர நம்பர் நீளும். எத்தனை பேர் நிக்கறாங்களோ அத்தனை பேருக்கும் அந்த நம்பரைச் சமமாப் பங்கு போடணும். மீதி வந்தா என்னை மேடையை விட்டு இறக்கிடுங்க!"

க்ளென் கையில் மூன்று என்ற அட்டையைக் கொடுத்தார். அவனுக்கு அடுத்து, பார்க்கிறவர்களுக்கு வலது பக்கமாக, எட்டோடு மகா. முப்பத்தெட்டு, இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் பத்தொன்பது. அடுத்து ஒன்றோடு ஓஸ்வால்ட். முன்னூற்று எண்பத்தொன்று மூன்று பேருக்குச் சரியாகப் போனது. ஆறோடு யசோதா வந்ததும் மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு, அது நாலு பேருக்குச் சரி. ஐந்தோடு டீச்சரின் தங்கை லவினா. இதற்குள் ஹாலில் ஒருத்தர் விடாமல் போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாவது ஆள் லவினாவின் கணவர் லாயிட், கையில் நாலு. பழக்க தோஷத்தில் நேராகப் போய்ப் பெண்டாட்டிக்கு இந்தப் பக்கம், யசோதாவுக்கும் லவினாவுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"டீச்சர், அரை வருது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "இங்கயும் அரை! இறங்குங்க, இறங்குங்க!" என்று ஹாலே கூச்சல் போட்டது.

"லாயிட்! வீட்லதான் இடம் தெரியாம நிக்கறீங்கன்னா மேடையிலயுமா? அந்தப் பக்கம் போங்க!" என்று லவினா விரட்டினார். லாயிட் இடம் மாறினார், அரை காணாமல் போனது. விசில் பறந்தது.

ஏழோடு மகாவின் தம்பி ராகேஷ் வந்தபோது டீச்சர் கை தூக்கி எல்லாரையும் அடக்கினார். "ஏழுதான் கஷ்டமானவன். யாருக்கும் லேசுல படிய மாட்டான். பாருங்க!" முப்பத்தெட்டு லட்சத்துப் பதினாறாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தேழு. ஏழால் வகுத்தார்கள். புள்ளி இல்லை, மீதி இல்லை. ஸ்ரீராம்புரத்து இளவட்டங்கள் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டோடு ஃபாதர் ஜெயராஜ், எட்டுப் பேருக்கும் சரி. ஒன்பதோடு ஜெயராமனின் தங்கை தமயந்தி, ஒன்பது பேருக்கும் சரி.

"முப்பத்தெட்டு கோடியே பதினாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எழுநூத்து இருபத்தொன்பது!" டீச்சர் வரிசை முழுவதையும் கையால் காட்டினார். "ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் எல்லாரும் ஒரே ஒரு தடவை வந்து நிக்கறாங்க. இப்படி வரிசையா வகுபடற நம்பர் உலகத்துலயே இது ஒண்ணுதான், ரெண்டாவது கிடையாது. யார் வந்தாலும் பங்கு உண்டு. யாரும் மீதியா வெளியில நிக்கலை. மகா, இந்த வீடு…"

அங்கேயே நின்றுவிட்டார். ஹாலின் கடைசியில், ஃபேனுக்குக் கீழே, நறுக்கென்ற வெள்ளைச் சட்டையில் ஜெயராமன். கையில் பேப்பர் தட்டு. வாயில் கேக்.

மகாவும் பார்த்துவிட்டாள். "அப்பா!"

ஹால் முழுக்கத் திரும்பியது. கையும் களவுமாகப் பிடிபட்ட மனுஷன் அவசரமாக விழுங்கினார். "யசோதாவைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன். ஆட்டோ கிடைக்காதுல்ல" என்றார். யார் கேட்டார்கள்? மகா மேடையிலிருந்தே கையை நீட்டினாள். "வாங்கப்பா! இங்க வாங்க!" ஸ்ரீராம்புரத்துக் கூட்டம் அவரைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டே வந்தது. அவரும் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார், தட்டோடு.

எல்லாருக்கும் ஒரே குதூகலம். டீச்சர் மட்டும் மேடையில் நிற்பவர்களை எண்ணினார். ஒன்பது அட்டையும் தீர்ந்தது. பத்தாவது ஆள் வந்தால் பத்தால் வகுபட வேண்டும். பத்தால் வகுபட வேண்டுமானால் கடைசியில் நிற்க ஓர் இலக்கத்துக்குத்தான் இடம், பூஜ்ஜியத்துக்கு. வகுப்பில் ஒரு வருஷம் பத்துப் பிள்ளைகளை வைத்து விளையாடியபோது பூஜ்ஜியம் கிடைத்த குழந்தை தேம்பித் தேம்பி அழுதது, அதிலிருந்து அவர் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டார். பகா எண் என்று சொன்னதற்கே சாப்பிடாமல் போன மனுஷன். இவரை மேடையேற்றி, பெண்ணின் கல்யாணத்தில், இத்தனை பேர் முன்னால், நீங்கள் பூஜ்ஜியம் என்று சொல்வதா? வேறு ஏதாவது எண்ணைச் சும்மா கொடுத்துச் சமாளிக்கலாம்தான். ஹால் நிறையக் கால்குலேட்டர் இருக்கிறதே! இவருக்கு மட்டும்தான் மீதி வரும்.

"எனக்கு அட்டை எங்க டீச்சரம்மா?" என்றார் ஜெயராமன்.

டீச்சர் மைக்கைக் கீழே இறக்கினார். "சார்… பொய் சொல்ல மாட்டேன். இன்னும் வராத இலக்கம் ஒண்ணே ஒண்ணுதான். பூஜ்ஜியம்."

முன்வரிசையில் சேஷகிரி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். யசோதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜெயராமன் மேடையை ஏற இறங்கப் பார்த்தார். "அது எங்க நிக்கணும்? முன்னாடியா, கடைசியிலயா?"

"கடைசியில சார். தமயந்தியம்மாவுக்கு அந்தப் பக்கம்."

"நின்னா என்ன ஆகும்?"

"எல்லாமே பத்து மடங்கு ஆகும் சார்."

அவர் தட்டில் மிச்சமிருந்த கேக்கை வாயில் போட்டுக்கொண்டார். விரலால் துகள்களைத் தட்டிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார். மகளையும் மருமகனையும் தாண்டி, மனைவியைத் தாண்டி, மகனைத் தாண்டி, தங்கைக்கு அந்தப் பக்கம் கடைசியில் போய் நின்று, அந்த வட்டத் தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார்.

"வட்டமாத்தானே இருக்கு? போதுமா?"

ஹாலில் கிளம்பிய சத்தத்தில் ஃபாதர் ஜெயராஜின் அட்டையே கீழே விழுந்துவிட்டது. "வகுங்க! வகுங்க!" என்று டீச்சர் கத்தினார், அழுதுகொண்டே சிரித்தார். முன்னூற்று எண்பத்தொரு கோடியே அறுபத்தைந்து லட்சத்து நாற்பத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. பத்துப் பேருக்குப் பங்கு. எல்லார் போனிலும் ஒரே விடை. புள்ளி இல்லை, மீதி இல்லை.

"என்ன வந்திருக்குன்னு நல்லாப் பாருங்க! கொஞ்சம் முன்னாடி ஒன்பது பேரும் சேர்ந்து வெச்சிருந்தாங்களே, அதே நம்பர்! அது இப்போ ஒவ்வொருத்தருக்கும் பங்கு! சார் வந்து நின்னதாலதான்! தூக்குங்க கிளாஸை!"

வைனோ ஜூஸோ, கையில் இருந்ததை எல்லாரும் தூக்கினார்கள். மகா வரிசையை விட்டு ஓட அடி எடுத்து வைத்தாள், "இடத்துல நில்லும்மா, கணக்கு!" என்று நாலு குரல் ஒரே நேரத்தில் அதட்டின. நின்ற இடத்திலிருந்தே அப்பாவைப் பார்த்துப் பொங்கிப் பொங்கிச் சிரித்தாள். டீச்சருக்கு அந்தச் சிரிப்பு போதும்.

போட்டோகிராபர் முன்னால் வந்து கேமராவைத் தூக்கினார், பிறகு இறக்கினார். வழக்கமாகச் செய்வதுபோல், "சார், நீங்க பொண்ணோட அப்பா. எதுக்குக் கடைசியில நிக்கறீங்க? நடுவுல வாங்க, பொண்ணு பக்கத்துல" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்.

ஜெயராமன் தட்டை இன்னும் கொஞ்சம் நேராகப் பிடித்துக்கொண்டார்.

"நான் நடுவுல வந்தா எல்லாருக்கும் மீதி வந்துடும்பா" என்றார். "இப்படியே எடு."